26 வயதில் சரவாங்கி: நம் வயதில் யாராவது இருக்கிறீர்களா?

நூல்கண்டு | திருப்பூர் | திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கிற நோய் என்று உறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் பாட்டி இதைச் சரவாங்கி என்பார். சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்ஸேட், மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட், இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று ஓடுகிறது. மருந்து கேட்கிறது. அதனால் இது மருந்து பற்றிய கேள்வி இல்லை.

போன வாரம் செக்கப்புக்குப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் இருபது பேராவது இருப்பார்கள், எல்லாரும் அம்மா, பாட்டி வயது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "யாருக்குத் துணையா வந்திருக்கே கண்ணு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "அம்மாவுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஊரில் நன்றாக இருக்கிறார். டோக்கன் கூப்பிட்டதும் நான் மட்டும் எழுந்து உள்ளே போனேன். திரும்பி வரும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுகைதான்.

ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை வரைக்கும் விரல் முழுதாக மடங்காது. தலை பின்ன முடியாமல் முடியை வெட்டிக்கொண்டேன். ஆபீஸில் "புது ஸ்டைலா?" என்றார்கள், ஆமாம் என்றேன். துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம் சொல்கிற கை என்னுடையது. இப்போது ஜிஎஸ்எம் கட்டரை அழுத்தித் திருப்ப முடியாமல், "கொஞ்சம் வெட்டிக் கொடுங்கண்ணா" என்று சாம்பிள் செக்‌ஷன் அண்ணனிடம் நீட்டுகிறேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

வீட்டில் புரிய வைக்க முடியவில்லை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே குனிந்துதான் நடந்தது. எல்லாருக்கும் சில மாதத்தில் சரியாகிவிட்டதால், "உனக்கும் போயிடும்" என்கிறார்கள். போகாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

என் வயதில், இதே நோயோடு, இதே ஊர்ப் பேச்சு பேசுகிற ஒரு ஆளோடு பேச வேண்டும். அவ்வளவுதான். யாராவது இருக்கிறீர்களா?

---

மலைக்கோட்டை | திருச்சி | திங்கள் இரவு 10.15

இருக்கிறேன்மா. எனக்கு 34. வந்தது 23இல். ஸ்கூல் டீச்சர், ஒரு பையன் இருக்கிறான்.

நீ பெஞ்சில் பொய் சொன்னதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நானும் அதே பொய்யைத்தான் சொன்னேன். நான் "பாட்டிக்கு" என்றேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கை ஒருமுறை படித்தேன். 2019இல் உலகம் முழுக்க 1.8 கோடிப் பேருக்கு முடக்குவாதம். அதில் 55 வயது தாண்டியவர்கள் 55 சதவீதம். அப்படியானால் மீதி 45 சதவீதம் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள். மருத்துவமனைக்கு காலை 10 மணிக்கு வர லீவு கிடைக்காதவர்கள். அதனால்தான் பெஞ்சில் கண்ணில் படுவதில்லை.

எனக்குக் கிடைத்த ஆள் ஒருத்திதான். ரத்தம் எடுக்கிற வரிசையில் முன்னால் நின்றாள். லேப் பையன் "கையை இறுக்கி மூடுங்க" என்றான். அவளுக்கும் மூட முடியவில்லை, பின்னால் நின்ற எனக்கும் முடியாது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். 11 வருடம் ஆகிறது. எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. குழாயில் தண்ணீர் வருவதைப் பொறுத்து அன்றைக்கு எத்தனை குடம் என்று எண்ணுவோம் இல்லையா, அது மாதிரி காலையில் "எத்தனை குடம்?" என்று மெசேஜ் வரும். "மூணு" என்றால் சமையல், ஸ்கூல், அதோடு சரி. "ஒண்ணு" என்றால் அன்றைக்கு நான் போன் பண்ணமாட்டேன், அவளும் காரணம் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு என்மேல் அவ்வளவு அக்கறை, ஆனாலும் அவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. இவளுக்கு ஒரு எண் போதும்.

---

ரயில்பாதை | சென்னை | செவ்வாய் காலை 6.05

எனக்கு வேறு வகை. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகளை இறுக்குகிற வாதம். அதோடு தொடர்புள்ள எச்எல்ஏ பி27 மரபணுவும் பாசிட்டிவ். வயது 29. ஆண்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

22இல் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பு வலி எழுப்பிவிடும், எழுந்து நடந்தால் குறையும். டிஸ்க் பிரச்சினை என்று சொல்லி பெல்ட் போடச் சொன்னார்கள், ஒரு மாதம் படுத்தே இருக்கச் சொன்னார்கள். இந்த நோயில் படுத்தால் இறுக்கம் கூடும், அசைந்தால் குறையும். அது தெரியாமல் படுத்திருந்தேன். 27இல் இடுப்பெலும்பு மூட்டை எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் பெயர் தெரிந்தது. ஐந்து வருடம் "இந்த வயசுல என்ன முதுகுவலி" என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

எனக்குத் துணையாகக் கிடைத்தவர் நீச்சல்குளத்தில் பார்த்த ஒரு அண்ணன். தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஒன்றாக நீந்துகிறோம். நோயைப் பற்றிப் பேசுவது ரொம்பக் குறைவு. ஆனால் நான் வராத நாளில் ஆறு மணிக்கு போன் வரும், "தம்பி, எழுந்து நட, போதும்" என்பார். தினமும் உடற்பயிற்சி செய் என்று டாக்டர் சொன்னது காகிதத்தில் இருந்தது. செய்ய வைத்தது அந்த போன்தான்.

---

வாசல்கோலம் | மதுரை | செவ்வாய் பகல் 1.20

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தங்கச்சி தவறாக நினைக்கக் கூடாது.

எனக்கு 24இல் வந்தபோது உன்னைப் போலத்தான் தேடினேன். ஒரு பெரிய பேஸ்புக் குழுவில் சேர்ந்தேன். முதல் நாளே ஒருவர் தன் கைகளின் படத்தைப் போட்டிருந்தார், விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழே முந்நூறு பேர் அழுதிருந்தார்கள். அன்றைக்கு இரவு தூங்கவில்லை. என் கையைத் தூக்கித் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். அவருக்கு 20 வருடம் சரியான மருந்து கிடைக்கவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. இப்போது ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த நிலை வருவதில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை. அப்புறம் இன்பாக்ஸில் எண்ணெய் விற்கிறவர்கள், பொடி விற்கிறவர்கள். ஆறு மாதம் அதில் இருந்து, இன்னும் பயந்தவளாகத்தான் வெளியே வந்தேன்.

அதனால் நான் சொல்வது, கூட்டம் வேண்டாம். ஒருவரோ இருவரோ போதும். முகம் தெரிந்தவராக இருக்க வேண்டும், நல்ல நாளும் கெட்ட நாளும் இரண்டும் சொல்கிறவராக இருக்க வேண்டும். கெட்ட நாளை மட்டும் பேசுகிற இடத்தில் வலி குறைவதில்லை, கூடுகிறது.

---

பச்சிலை | நாமக்கல் | செவ்வாய் மாலை 5.50

சகோதரிக்கு, கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு கிடைக்கும். சூப் வைத்து 48 நாள் குடியுங்கள். முடக்கத்தான் கீரையை மாவில் அரைத்து தோசை ஊற்றுங்கள். இங்கிலீஷ் மருந்து கல்லீரலைக் கெடுத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

---

மலைக்கோட்டை | திருச்சி | செவ்வாய் இரவு 8.30

பச்சிலை அண்ணா, நல்ல எண்ணம் என்று தெரிகிறது. முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை உண்டு, ருசியாக இருக்கும். ஆனால் மருந்தை விடச் சொல்லாதீர்கள். முதல் வருடம் நானும் இதைக் கேட்டு நான்கு மாதம் விட்டேன். வலது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாக வளையாது. கல்லீரலுக்குத்தான் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள், அதற்குத்தான் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது என்கிறார்கள்.

வாசல்கோலம் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மறுபாதிக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நாங்கள் இருவராக இருந்து, பிறகு ஐந்து பேர் ஆனோம். அதில் ஒரு காலேஜ் பெண், புதிதாக மருந்து ஆரம்பித்தவள். ஒரு நாள் இரவு, "வாய் முழுக்கப் புண்ணுக்கா, மோர்கூட இறங்கலை" என்று அனுப்பியிருந்தாள். மாத்திரை எந்தக் கிழமை என்று கேட்டேன். "தினமும்தானே?" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் வாரம் ஒருமுறை என்றுதான் எழுதியிருந்தார். மாத்திரை வாங்கிய கடையில் கவரின் மேல் 1-0-0, அதாவது தினமும் காலை ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிர் போகும். அன்றிரவே அட்மிஷன். ரத்த அணுக்கள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். 12 நாள் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள்.

அவள் வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரும் இருந்தார்கள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தார்கள். எந்தக் கிழமை என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், ஒருத்தியைவிட ஐந்து பேர் நல்லது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் "போட்டாச்சு" என்று எழுதுவோம். யாராவது எழுதாவிட்டால் கேட்போம்.

---

வாசல்கோலம் | மதுரை | செவ்வாய் இரவு 9.10

இதைக் கேட்டபின் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஐந்து பேர், சரி. முந்நூறு பேர் வேண்டாம் என்பதில் மட்டும் மாறமாட்டேன்.

---

பனங்காடு | லண்டன் | புதன் அதிகாலை 2.15

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப லண்டனில் இருக்கிறன். 23 வயது. எனக்கு ஒன்பது வயசிலேயே வந்தது. 16 வயதுக்கு முன்னம் வாற மூட்டுவாதத்துக்கு இங்கே தனிப் பெயர் இருக்கு, ஜேஐஏ. சிலருக்குக் கண்ணுக்குள்ளேயும் அழற்சி வரும், கண் சிவக்காமலே வரும். அதால சின்னனில் மூன்று மாதத்துக்கு ஒருக்கா கண் பரிசோதனைக்குப் போவன்.

எனக்கு ஆகக் கஷ்டமாயிருந்தது பிள்ளைகளின் கிளினிக்கில் இருந்து பெரியாக்களின் கிளினிக்குக்கு மாறின காலம். அங்கே எல்லாரையும் தெரியும், சுவரில மீன் படம். இங்கே வந்தால் நூல்கண்டு அக்கா சொன்ன அதே பெஞ்ச். அப்ப நேர்ஸ் ஒருத்தர் என்ஆர்ஏஎஸ் என்ற அமைப்பைப் பற்றிச் சொன்னவ. 2001இல் தொடங்கினது, முடக்குவாதக்காரருக்காகவும் ஜேஐஏக்காரருக்காகவும் இருக்கிறது. இந்த நோயோடு வாழுற தொண்டர்களுக்குப் பயிற்சி குடுத்து, எங்களோடு தொலைபேசியில் கதைக்க விடுவினம். எனக்குக் கதைத்தவ என்னைவிட ஆறு வயது மூத்தவ, வெள்ளைக்காரி. மருந்தைப் பற்றி நான் என்ன கேட்டாலும், "அது உன் டொக்டரிட்டக் கேள்" என்பா. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கினது, அதுக்குப் பிறகு மிஞ்சின முழு நேரமும் எங்கட கதைக்குத்தான்.

ஆனால் அவவிடம் சொல்ல முடியாத விஷயமும் இருந்தது. "சபையில் கை காட்டாதே, சம்மந்தம் வராது" என்று அம்மம்மா சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்றது? சொன்னாலும் அவவுக்கு அது வெறும் மூடநம்பிக்கை. எனக்கு அது என்ர அம்மம்மா. அதுக்குத்தான் தமிழ் ஆள் வேணும். அக்கா கேட்டதில "இதே ஊர்ப் பேச்சு" என்ற சொல்லைப் பார்த்துத்தான் இந்த நேரத்தில எழுதுறன்.

---

நூல்கண்டு | திருப்பூர் | புதன் இரவு 10.00

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பனங்காடு, உங்கள் அம்மம்மா சொன்னதையேதான் என் பெரியம்மாவும் சொல்கிறார். வரன் பார்க்கிறார்கள். மாத்திரை டப்பாவை பீரோவுக்குள் வை என்கிறார்கள். மலைக்கோட்டை அக்கா, நீங்கள் சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்தீர்களா, சொல்லாமலா?

---

மலைக்கோட்டை | திருச்சி | வியாழன் காலை 5.45

சொல்லிவிட்டுத்தான். இரண்டு இடம் தட்டிப் போனது. "பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்டார்கள். பரம்பரையில் கொஞ்சம் வாய்ப்புக் கூடும், ஆனால் அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்கிற நோய் இல்லை இது. அதைச் சொல்லியும் போனார்கள். மூன்றாவது ஆள், "அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க நானும் வரலாமா?" என்று கேட்டார். அவர்தான்.

சொல்லாமல் செய்யாதே என்று நான் அழுத்தியே சொல்வேன். குழந்தை வேண்டும் என்றால் மெத்தோட்ரெக்ஸேட்டை மாதக் கணக்கில் முன்னாலேயே நிறுத்த வேண்டும், டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். எனக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலஸைனும் கொடுத்தார். பீரோவுக்குள் ஒளித்து வைத்தால் இதை யாரோடு பேசித் திட்டமிடுவாய்? மாசமாக இருந்தபோது வலியே இல்லை, எனக்கே அதிசயமாக இருந்தது. பலருக்கு அப்படித்தான் குறையும் என்றார் டாக்டர். பிள்ளை பிறந்து ஆறாவது வாரம் மொத்தமாகத் திரும்பி வந்தது. அப்போது என் தோழிதான் வீட்டுக்கு வந்து, மணிக்கட்டில் பாரம் விழாமல் முன்னங்கையில் குழந்தையைத் தாங்கித் தூக்குவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள். தாய்ப்பால் கொடுக்கும்போது முழங்கைக்கு அடியில் இரண்டு தலையணை. அவள் எனக்கு இரண்டு வருடம் முன்னால் பிள்ளை பெற்றவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குக் கண்ணாடி வளையல் வாங்கப் போனோம். என் அளவு 2.6. விரல் முட்டி வீங்கியிருந்ததால் 2.8கூட ஏறவில்லை. கடையில் அத்தை, சித்தி எல்லாரும் நிற்கிறார்கள், கடைக்காரர் அமுக்குகிறார், எனக்குக் கண்ணில் தண்ணீர். இவள்தான் பையிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் மாட்டி, 2.10 வளையலை ஒவ்வொன்றாக வழுக்கி ஏற்றினாள். முகூர்த்தம் முடிந்து கழற்றவும் அந்தக் கவரைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

---

மரப்பாலம் | அவிநாசி | வியாழன் இரவு 11.30

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயது 21, பி.காம் கடைசி வருடம். எனக்கு நாலு மாதம் முன்னால்தான் சொன்னார்கள். காலேஜில் யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரப் பரீட்சையில் ரெண்டு மணிக்கு மேல் பேனா பிடிக்க முடியவில்லை, கடைசி இருபது மார்க் எழுதாமல் வந்துவிட்டேன். நானும் இங்கே சேர்ந்துகொள்ளலாமா?

---

ரயில்பாதை | சென்னை | வெள்ளி காலை 6.10

வாங்க தங்கச்சி, இது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. பரீட்சை விஷயம் மட்டும் உடனே பாருங்கள். எழுத முடியாதவர்களுக்கு எழுதித் தருகிற ஆளும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கொடுக்க வழி இருக்கிறது. மூட்டுவாதம் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் தனிப் பெயராக இல்லை. கை அசைவில் எவ்வளவு குறைபாடு என்பதை வைத்து உடல் இயக்கக் குறைபாட்டில்தான் சான்று தருவார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் என்று மருத்துவச் சான்று வாங்கலாம். அடுத்த செமஸ்டருக்கு முன்னாலேயே தேர்வுப் பிரிவில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு நான் ஒரு அரியர் வைத்தேன்.

---

நூல்கண்டு | திருப்பூர் | வெள்ளி பகல் 1.05

மரப்பாலம், அவிநாசியா! எனக்கு அரைமணி நேரப் பஸ். எந்த ஊரில் டாக்டரைப் பார்க்கிறாய், என்ன கிழமை என்று தனி மெசேஜில் சொல்லு.

---

நூல்கண்டு | திருப்பூர் | நான்கு வாரம் கழித்து, புதன் இரவு 8.20

நாங்கள் இருவரும் ஒரே டாக்டரிடம்தான் போகிறோம். இன்றைக்கு ஒரே நாளில் டோக்கன் போட்டோம். அவள் முன்னாலேயே வந்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். நேரில் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் கையைத்தான் நீட்டினோம். இரண்டு பேருக்கும் அதே வலது நடுவிரல்.

எதிர்ப் பெஞ்சில் அந்த அம்மா. போன தடவை என்னிடம் கேட்டவர். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேங்க. எனக்குத்தான்" என்றேன். "தெரியும் கண்ணு. தண்ணி பாட்டிலை ரெண்டு உள்ளங்கையில வச்சுத் திருகினப்பவே தெரியும்" என்றார்.

அப்புறம் தன் கையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். வாசல்கோலம் அக்கா எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரிக் கை. எல்லா விரலும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கிறது. "எனக்கு இருபத்தி நாலு வயசுல வந்துச்சு. தறி ஓட்டிட்டு இருந்தேன். இந்த மாத்திரை எல்லாம் எனக்குக் கிடைக்கறதுக்கு இருபது வருசம் ஆச்சு. உனக்கு ஆரம்பத்துலயே கிடைச்சிருச்சு, விடாம போடு" என்றார். அந்த இருபது வருடமும் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டேன். "யாரோட பேசறது? தறிச் சத்தத்துல அழுதா யாருக்கும் கேக்காது" என்றார்.

என் வயதில் ஆள் வேண்டும் என்று இங்கே கேட்டேன். அவர் என் வயதிலிருந்து பெஞ்சில் இருக்கிறார்.

மூன்று பேரும் அடுத்த மாதமும் ஒரே நாளில் தேதி வாங்கியிருக்கிறோம். அவரிடம் வாட்ஸ்அப் இல்லை, சாதா போன்தான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் கூப்பிட்டு "போட்டாச்சா அம்மா?" என்று கேட்பதாக ஏற்பாடு.

---

மரப்பாலம் | அவிநாசி | புதன் இரவு 8.45

அக்கா, அடுத்த தடவை டீ நான் கொண்டு வரேன். எங்கள் வீட்டில் மூடி திருகுகிற பிளாஸ்க் இல்லை, மேலே அமுக்கினால் ஊற்றுகிற பிளாஸ்க். அம்மாவுக்குச் சர்க்கரை போடலாமா என்று சனிக்கிழமை பேசும்போது கேட்டு வையுங்கள்.